பேர் வரும் இடம்

சென்னை
20-8-1971

அன்புள்ள மங்கைக்கு,

திரிசலா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இந்தக் கோழிக் கிறுக்கல் திருப்பருத்திக்குன்றத்திலேயே எனக்கு மட்டும்தான் வரும் என்று நம் தமிழ் டீச்சர் வகுப்பில் சொல்வாரே, அது இசைக் கல்லூரிக்கு வந்தும் மாறவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. பரீட்சை என்று அப்போது எழுதியது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து மெட்ராஸ் வந்து பாட்டுப் படிப்பதாகப் பேசி வைத்திருந்தோம். நீ தாலி கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையம் போய்விட்டாய் என்ற கோபம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. நம் பள்ளிக்கூடத்தில் குரல் உன்னுடையது. எனக்கு இருந்தது அப்பாவின் நிலக்கடலை வியாபாரம்தான். இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீ அங்கே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷம் ஒவ்வொரு மாணவியும் சொந்தமாக ஒரு இசை வேலையைத் திட்டம் போட்டு, தானே செய்து முடித்து, மார்கழிக்கு முன் ஆசிரியர்கள் எதிரே வைக்க வேண்டும். ஒருத்தி புதிதாக வர்ணம் கட்டுகிறாள். இன்னொருத்தி அவள் மாமாவின் வீணையைப் பற்றி எழுதுகிறாள். என் முறை வந்தபோது எழுந்து, 'காஞ்சிபுரம் தறிவீடுகளில் பாடுகிற தாலாட்டு, சார்' என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் ராமலிங்கம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். 'சும்மா கேட்டு எழுதிக்கினு வந்தா ஒத்துக்கமாட்டேன். டேப்பில் எடுக்கணும், சுரம் எழுதணும். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே யார் பாடினாங்க, எந்தக் கொழந்தைக்குப் பாடினாங்க, எந்தத் தெரு, எல்லாம் போடணும்' என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். தைரியம் யாரால்? உன்னால்தான்.

பங்குனியில் உனக்கு மாசம் நெருங்குகிறது என்று அம்மா எழுதியிருந்தாள். இப்போது கையில் குழந்தை இருக்கும். தினம் நாலு தாலாட்டாவது பாடாமல் தப்பித்திருக்கமாட்டாய். ஆகவே காலாண்டு விடுமுறையில் கல்லூரியின் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பாட்டரியில் ஓடும், பயப்படாதே. நீ பாடு, குழந்தை தூங்கட்டும், நான் பட்டம் வாங்கிக்கொள்கிறேன்.

பெண்ணா, பிள்ளையா? பேர் என்ன வைத்தீர்கள்? உடனே எழுது.

அன்புடன்,
திரிசலா


பிள்ளையார்பாளையம்
28-8-1971

திரிசலாவுக்கு,

கடிதம் வந்தது. பெண் குழந்தை. ஆடி மாதம் ஜுரம் வந்து போய்விட்டாள். நீ தெரியாமல் எழுதினாய். உன் மேல் கோபம் இல்லை. கோபம் மட்டும் இல்லை என்றில்லை, வேறு எதுவும்கூட இல்லை.

அழ வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே போய் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமலே சாப்பிடுகிறேன். அவரும் கேட்பதில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தறிக்குள் இறங்கிவிடுகிறார்.

நீ பார்த்ததில்லையே, அவர் பேர் முனிசாமி. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்ட புடவை. அன்றிலிருந்து இன்றுவரை குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

உன் பாடத்துக்கு வேறு வீடு பார்த்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும். நீ வருவதானால் வா.

மங்கையர்க்கரசி


சென்னை
2-9-1971

அன்புள்ள மங்கை,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் எழுதிய கடிதத்தை நீ கிழித்துப் போட்டுவிடு. அதில் நான் பேசிய கிண்டலெல்லாம் நினைத்து நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் சமண வழக்கப்படி எப்போதும் பொழுது சாய்வதற்குள் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஹாஸ்டல் சமையல்காரம்மா, 'இன்னாமா, ராத்திரியிலதான் சாப்பிடமாட்டே, இப்ப பகல்லயும் இல்லையா' என்றார்.

தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று ராமலிங்கம் சாரிடம் சொல்லப்போகிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் பாடுகிற தோத்திரங்கள் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டால் போகிறது. டேப் ரெக்கார்டர் உன் வீட்டு வாசலுக்கு வராது. நான் மட்டும் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

மன்னித்துக்கொள்.

திரிசலா


பிள்ளையார்பாளையம்
9-9-1971

திரிசலா,

நீயாக எதையும் முடிவு பண்ணாதே. எனக்காக எல்லோரும் முடிவு பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அதில் நீயும் சேர வேண்டாம்.

நான் தெருவில் போனால் எதிர் வீட்டுக்காரி பாடுகிற தாலாட்டை நிறுத்துகிறாள். குழாயடியில் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவள் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொள்கிறாள். என் மனசு நோகக் கூடாது என்றுதான். நோகாது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? நோவு இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. பாடினால் வருமோ என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் உன் பெட்டி வேண்டும். காரணம் இல்லாமல் தனியாக உட்கார்ந்து தாலாட்டுப் பாடினால், புத்தி பிசகிவிட்டது என்று அம்மாவுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். உன் பெட்டிக்காகப் பாடுகிறேன் என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பேர் என்ன என்று கேட்டிருந்தாய். பேர் வைக்கவில்லை. இவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவைக்குப் பாவு நூல் தறியில் ஏறிவிட்டால், அது நெய்து இறங்கும்வரை வீட்டில் வேறு நல்ல காரியம் எதுவும் வைக்கமாட்டார்கள். இவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. 'பேர் எப்ப வைக்கிறது' என்று நான் நாலு தடவை கேட்டேன். 'பாவு எறங்கட்டும்மா' என்றார். என்ன பேர் என்று கேட்டதற்கும் அதே பதில்தான். பாவு இறங்குவதற்குள் அவள் போய்விட்டாள். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டே அனுப்பிவிட்டோம். குழியில் மண் தள்ளும்போது எல்லோரையும் பேர் சொல்லி அழைத்து அழுவார்களே, அவளுக்கு அதுவும் இல்லை. யாரென்று சொல்லி அழுவது?

எனக்கு அவர் மேல் இதுதான். மறுநாள் தறியில் உட்கார்ந்ததைக்கூட மன்னித்துவிடலாம். பேர் கொடுக்காததை என்னால் முடியவில்லை. கோபம் இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். இதை எழுதும்போது இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. உறையை ஒட்டுவதற்குள் போய்விடும்.

அம்மா இப்போது ஆரணியில் அண்ணனோடு இருக்கிறாள். தை பிறந்ததும் வந்துவிடு என்று எழுதியிருக்கிறாள். போய்விட்டால் திரும்பி வரமாட்டேன் என்று நினைக்கிறேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் தலையாட்டிவிட்டுத் தறிக்குள் போய்விடுவார்.

பெட்டியைக் கொண்டு வா. எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று காட்டிவிட்டு நீ ஊருக்குப் போய்விடு. பக்கத்தில் ஆள் இருந்தால் பாடமாட்டேன்.

மங்கை


திருப்பருத்திக்குன்றம்
4-10-1971

அன்புள்ள மங்கை,

நேற்று உன் வீட்டிலிருந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ இளைத்துவிட்டாய். உன்னைக் கட்டிக்கொண்டு நான் அழுதபோது என் முதுகைத் தட்டிக்கொடுத்தாயே, பஸ்ஸில் வரும்போது அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. யாருக்கு யார் ஆறுதல் சொல்ல வந்தோம்?

உத்தரத்தில் தூளி கட்டின ஏணைக் கயிறு அப்படியே தொங்குகிறது. பார்த்தேன்.

நான் சொன்னவற்றை மறுபடி எழுதுகிறேன். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் பதிவாகும். சிவப்பைத் தொடாமல் மற்றதை மட்டும் அமுக்கினால் பதிந்தது கேட்கும். மைக்கை உன் பின்கட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே வாசல் நிலை ஆணியில் மாட்டியிருக்கிறேன். தூசி படாமல் இருக்கும், அங்கேயே விட்டுவிடு. நீ பின்கட்டில் உட்கார்ந்து பாடினாலும் எடுக்கும்.

ஒரே ஒரு கவலை, தறிச் சத்தம். 'பாட்டுதான் வேணும், பட்டறை வேணாம்' என்று ராமலிங்கம் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாடுகிற நேரம் மட்டும் தறியை நிறுத்தச் சொல்லி உன் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்.

அவரைப் பற்றி ஒன்று. நீ காபி போடப் போனபோது தறியிலிருந்து எழுந்து வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'பாடனது அப்படியே இதுல நின்னுக்கினு இருக்குமா?' என்று கேட்டார். இருக்கும் என்றேன். 'எவ்ளோ நாளைக்கு?' என்றார். பத்திரமாக வைத்தால் எத்தனை வருஷமானாலும் இருக்கும் என்று சொல்லி, போட்டுக் கேட்பதையும் காட்டினேன். பார்த்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

பாடி முடித்ததும் எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பு. அண்ணன் தர்மசந்திரன் கடலை மூட்டை போட மெட்ராஸ் வரும்போது பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான்.

திரிசலா


பிள்ளையார்பாளையம்
20-10-1971

திரிசலா,

பெட்டியை உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஏழு பாட்டுப் பாடியிருக்கிறேன்.

தறியை நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டுக்கொள்கிற மாதிரி நாங்கள் இல்லை. 'சோறு வச்சிட்டேன்', 'சரி', 'சரிகை வாங்கிக்கினு வரேன்', 'சரி'. எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஆகவே அவர் பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தார், நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று நினைத்தாலும் பாட்டு தறியின் அடிக்குத்தான் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் சார் என்ன தாளம் என்று கேட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

நோவு வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேனே, வரவில்லை. வாய் பாடியது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. நாலாவது பாட்டு நான் அவளுக்குப் பாடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவை. இது என் பெரியம்மா எங்களுக்குப் பாடியது.

மாடத்து வெளக்கணைஞ்சும்
மூடாத கண்ணழகி
பாவோடும் தெருவுல உன்
பேரோடும், கேட்டுக்கோ

இதற்கு அடுத்தாற்போல் குழந்தையின் பேரை இழுத்துப் பாடிவிட்டு, ஆராரோ சொல்ல வேண்டும். அவள் இருந்தபோது அந்த இடத்தில் 'கண்ணே' என்று போட்டுக்கொள்வேன். பேர் வைத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். உன் பெட்டிக்குப் பாடும்போது 'கண்ணே'யும் வாயில் வரவில்லை. அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஆராரோவுக்குப் போய்விட்டேன். தப்பென்றால் தப்பு.

இன்னொரு தப்பும் நடந்திருக்கிறது. பாடி முடித்த மறுநாள் குழாயடிக்குப் போய்விட்டு வந்தேன். அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து டேப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். 'அறுந்து பூட்ச்சு. பெணைச்சுட்டேன்' என்றார். பாவில் இழை அறுந்தால் நைந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு நல்ல நுனியோடு நுனி சேர்த்துப் பிணைப்பார்கள். அந்த மாதிரியே செய்திருக்கிறார். பசையும் ஒரு துணுக்குப் பட்டும் வைத்து ஒட்டியிருக்கிறார். உன் கல்லூரிப் பொருள், கேட்டால் என் பேரைச் சொல். நான் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. என்ன இருக்கிறது கேட்க?

தைக்கு வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன்.

மங்கை


சென்னை
2-11-1971

அன்புள்ள மங்கை,

ஏழு பாட்டையும் கேட்டேன். ஒரு மாணவி செய்கிற வேலையில் இப்படி ஒன்று வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலாவது பாட்டு நீலாம்பரியும் இல்லை, ஆனந்தபைரவியும் இல்லை. எந்த ராகத்தில் அடைப்பது என்று தெரியாமல் மூன்று தாள் சுரம் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். தறிச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்த ராமலிங்கம் சார், இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அந்த அடிக்கு விரல் தட்டிக்கொண்டிருந்தார். தட்டியதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் நீ எழுதிய ஒட்டு அந்த நாலாவது பாட்டில்தான் இருக்கிறது. 'பாவோடும் தெருவுல உன்' என்று பாடுகிறாய். ஒட்டு. அடுத்து, ஆராரோவின் கடைசிப் பகுதி வந்துவிடுகிறது. நடுவில் ஒரு வரியும் அதற்குப் பிறகு கொஞ்சமும் காணோம். ஒட்டுக்கு முன்னால் தறி அடித்துக்கொண்டிருக்கிறது. ஒட்டுக்குப் பின்னால் தறிச் சத்தமே இல்லை. அடுத்த பாட்டின் நடுவில்தான் மறுபடி தறி ஓடுகிறது.

எங்கள் அட்டெண்டர் தனசேகரனிடம் காட்டினேன். வருஷக்கணக்காக டேப் ஒட்டுகிறவர். பசையைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, 'இது அறுந்த டேப் இல்லம்மா. அறுந்தா நுனி இழுபட்டு சுருண்டுக்கும். இது கத்திரிக்கோலால வெட்டனது. ரெண்டு எடத்துல வெட்டி நடுவுல உள்ளதை எடுத்திருக்காங்க' என்றார்.

உன் வீட்டுக்காரர் ஏன் வெட்ட வேண்டும்? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அந்த ஒரு பாட்டை மட்டும் மறுபடி பாடிக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். இப்போது கேட்கவும் தோன்றவில்லை. நீ பாடிக்கொண்டிருக்கும்போது தறி நின்றது உனக்குத் தெரியுமா?

திரிசலா


பிள்ளையார்பாளையம்
10-11-1971

திரிசலா,

தறி நின்றதை நான் கவனிக்கவில்லை. தார்க்குச்சியில் பட்டுத் தீர்ந்தால் மாற்ற நிறுத்துவார். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நிற்கும், ஓடும். நான் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தேன். நெசவுக்காரன் ஓடுகிற இழையைக் கத்திரிக்கோலால் வெட்டமாட்டான். அறுந்தால் பிணைப்பான், அவ்வளவுதான். இவர் பொய் சொல்லியும் நான் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறார் என்றால் என்னவோ இருக்கிறது.

இன்று அவர் சரிகை வாங்கப் போயிருந்தபோது தறிக்குழியில் இறங்கினேன். கால் மிதிக்குப் பக்கத்தில் தார்க்கூடை இருக்கும். ஊடைப் பட்டுச் சுற்றிய சின்னக் குச்சிகளைப் போட்டு வைக்கும் கூடை. அரக்குப் பட்டுக்கு அடியில் ஒரு குச்சியில் டேப் சுற்றியிருந்தது. பட்டுச் சுற்றுவதைப் போலவே, மேடு பள்ளம் இல்லாமல் சுற்றி, நுனியை நூலால் கட்டி வைத்திருக்கிறார். வெட்டி எறிந்துவிடவில்லை.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார், நானும் பேசாமல் சோறு வைப்பேன். நாங்கள் அதைத்தானே மூன்று மாதமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

குச்சியோடு இந்த உறையில் வைத்து அனுப்புகிறேன். கூடையில் குச்சி இல்லாததைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். நீ அதைப் போட்டுக் கேள். கேட்டதை அப்படியே எழுது. என் மனசு நோகும் என்று எதையும் குறைக்காதே. கூட்டியும் எழுதாதே.

மங்கை


சென்னை
15-11-1971

அன்புள்ள மங்கை,

நீ சொன்னபடி குறைக்காமல், கூட்டாமல் எழுதுகிறேன். தனசேகரன் ஒட்டிக் கொடுத்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் கேட்டேன். ராமலிங்கம் சாருக்கும் இதைப் பற்றித் தெரியாது.

முதலில் உன் குரல், 'பேரோடும், கேட்டுக்கோ' என்கிறது. தறி அடித்துக்கொண்டிருக்கிறது. பேர் வர வேண்டிய இடத்தில் நீ நிற்கிறாய். மூச்சு வாங்குவது கேட்கிறது. அப்போது தறி நிற்கிறது.

பிறகு ஓர் ஆண் குரல். தறிப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, மெதுவாக. 'ஏலவார்குழலி' என்கிறது. பாடவில்லை. கொஞ்ச தூரத்தில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

நீ ஆராரோ எடுக்கிறாய். அவர் இன்னொரு தடவை அதே பேரைச் சொல்கிறார். இரண்டாம் தடவை முழுசாக வரவில்லை. 'ஏலவார்' என்றதோடு குரல் உடைந்துவிட்டது. அப்புறம் அழுகை. துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை. நீ ஆராரோ பாடிக்கொண்டே இருக்கிறாய், அவர் அழுதுகொண்டே இருக்கிறார். அதன் நடுவில் ஒரு தடவை, 'பாவு எறங்கட்டும்னு சொன்னேனே, சொன்னேனே' என்று கேட்கிறது. அவ்வளவுதான். டேப் அங்கே முடிகிறது.

மங்கை, நீ குழாயடிக்குப் போன நேரத்தில் உன் பாட்டைக் கேட்கலாம் என்று போட்டிருப்பார். போட்டால் அதில் அவரே இருந்திருக்கிறார். நான்தான் அவருக்குப் போடக் காட்டிக்கொடுத்தேன். மைக்கைத் தறிப் பக்கம் மாட்டியதும் நான்தான். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று தெரியவில்லை.

இந்தத் துண்டு உங்களுடையது. பாட்டோடு சேர்த்து வைப்பதா, வெட்டிக் குச்சியில் சுற்றித் திருப்பி அனுப்புவதா, நீ சொல். இது இல்லாவிட்டால் பாட்டு அரைகுறையாக நிற்கும், மதிப்பெண் குறையும். குறைந்தால் குறையட்டும், எனக்கு அது பெரிதில்லை. அடுத்த வாரம் வேலையைக் கொடுக்க வேண்டும்.

திரிசலா


பிள்ளையார்பாளையம்
20-11-1971

அன்புள்ள திரிசலா,

உன் கடிதத்தைக் குழாயடியிலேயே நின்று படித்தேன். குடம் நிரம்பி வழிந்தது, பின்னால் நின்றவள் சத்தம் போட்டாள். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் தறியில் இருந்தார். கூடையில் குச்சி இல்லை என்பது அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் அடுப்படியில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை, அந்தப் பாட்டை எடுத்துவிட்டேன். உன் பெட்டி இல்லை, வேறு சாக்கும் இல்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. பேரோடும், கேட்டுக்கோ என்று பாடிவிட்டு நிறுத்தினேன். தறியும் நின்றது. இந்தத் தடவை நான் ஆராரோவுக்குப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

அவர் அங்கிருந்து பேரைச் சொன்னார். பிறகு நான் இங்கிருந்து சொன்னேன். முதல் தடவையாக என் வாயால்.

எப்போது இந்தப் பேரை நினைத்தாய் என்று கேட்டேன். வாய் தவறி 'நினைத்தாய்' என்று வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. 'அவ பொறந்த அன்னிக்கே. தீட்டுன்னு உள்ள போகாம ஏகாம்பரநாதர் கோயில் வாசல்ல நின்னுக்கினு அம்மன் பேரையே நெனச்சேன். உங்கிட்ட சொல்லிட்டா வெச்ச மாதிரி ஆயிடும்னு சொல்லலை. பாவு எறங்கட்டும்னு இருந்தேன்' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'அப்பன் செஞ்ச மாதிரியே செய்யணும்னு இருந்துட்டேம்மா' என்றார். அப்புறம் தறிக்குழியிலேயே உட்கார்ந்து அழுதார், துணி எதுவும் வைத்துக்கொள்ளாமல். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நீ அழுதாயா என்று கேட்பாய். இல்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது குழம்பில் உப்பு அதிகம் என்று தெரிந்தது. அவரிடம் சொன்னேன். 'ஆமா, கரிக்குது' என்றார். இத்தனை நாள் எப்படித் தின்றீர்கள் என்று கேட்டேன். இன்னும் ஒரு பிடி சோறு போட்டுப் பிசைந்துகொண்டார்.

பேர் கொடுக்காததை மன்னிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேன். இன்னும் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இந்தக் கோபம் உறையை ஒட்டிய பிறகும் இருக்கும் என்று நினைக்கிறேன். தைக்கு வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுதியதை என்ன செய்வது என்று தெரியவில்லை. பொங்கலுக்கு இரண்டு பேராக வருகிறோம் என்று மாற்றி எழுதலாமா என்று பார்க்கிறேன். இன்னும் எழுதவில்லை. ஏணைக் கயிறு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

அந்தத் துண்டை வெட்டாதே. பாட்டோடு சேர்ந்தே இருக்கட்டும். அவரையும் கேட்டேன். 'எத்தனை வருஷமானாலும் இருக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே' என்றார். உங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டு. அழுகை கேட்டால் கேட்கட்டும்.

யார் பாடினார்கள், எந்தக் குழந்தைக்கு என்று எழுத வேண்டும் என்றாயே. நாலாவது பாட்டுக்கு எதிரே நீ காலியாக விட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அங்கே எழுது. பாடியவர்கள் மங்கையர்க்கரசி, முனிசாமி. குழந்தை ஏலவார்குழலி. பிள்ளையார்பாளையம். அவள் பேர் எழுதப்படுகிற இடம் இது ஒன்றுதான், ஆகவே உன் கோழிக் கிறுக்கல் வேண்டாம். வேறு யாரிடமாவது கொடுத்தாவது, படிக்கிற மாதிரி எழுத வை.

மங்கை